பேட்டரி மேல் பழி

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "பேட்டரி மாற்றி எவ்வளவு நாளாகிறது?" என்பதுதான். சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம் கேட்டது, விளக்கு எரிந்ததா, நேற்று ஒழுங்காக ஓடியதா என்று ஒருவரும் கேட்பதில்லை. பேட்டரி வாயில்லா ஜீவன். அதன் மேல் எந்தப் பழியையும் போடலாம். அதை மாற்றிய பிறகும் வண்டி கிளம்பாவிட்டால் பழியைத் தூக்கி, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மேல் போடலாம். அதையும் மாற்றிய பிறகு, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடலாம்.

எங்கள் வீட்டு மாருதி 800 இந்த மூன்று தீர்ப்புகளையும் சமீபத்தில் வாங்கிக்கொண்டது. மூன்றும் தவறு. ஆனால் முதல் இரண்டுக்கும் கண்ணெதிரே சாட்சி இருந்தது. வேடிக்கை அதில்தான் இருக்கிறது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் வைத்த பழைய மாடல். 796 சி.சி., மூன்று சிலிண்டர். அப்பா வாங்கியது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது, 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இதை விற்றுவிடச் சொல்லாத உறவினர் எனக்கு இல்லை. நான் விற்காததற்குப் பாசம் ஒரு காரணம்தான். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும் என்பது இன்னொரு காரணம். நான் தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மின்னோட்டவியல் பாடத்தைக் கரும்பலகையில் போட்டுப் போட்டு அலுத்துப்போன எனக்கு, அந்தப் பாடம் முழுவதும் நான்கு சக்கரத்தில் வாசலில் நிற்பதில் ஒரு மகிழ்ச்சி.

கோளாறு இப்படித் தொடங்கியது. சில காலைகளில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினால் மறுபடி 'டக்'. சில நாட்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் கிளம்பிவிடும். வீட்டு முன்னால் தெரு கொஞ்சம் சரிவு என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்வது கஷ்டமில்லை. தள்ளினால் உடனே பிடித்துக்கொள்ளும், நாள் முழுக்க ஓடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இவ்வளவு சொன்னாலே நோயில் பாதி பிடிபட்டுவிடும். தள்ளினால் உடனே பிடிக்கிறது என்றால் பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறி அடிக்கிறது, எஞ்சினுக்குள் அழுத்தம் இருக்கிறது. ஆகவே கார்புரேட்டரையும் பிளக்கையும் யாரும் தொட வேண்டியதில்லை. எஞ்சினைச் சுற்றிவிடும் வேலைதான் நடக்கவில்லை. பேட்டரி, செல்ஃப் மோட்டார், அதன் மேல் உட்கார்ந்து மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்சான சோலினாய்டு, சாவி சுவிட்ச், இவற்றை இணைக்கும் கம்பிகள், இவ்வளவுக்குள்தான் குற்றவாளி இருக்கிறான்.

பள்ளியில் சக ஆசிரியர்கள் என்னிடம் வந்து, "டீச்சர், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்பார்கள். என்ன சத்தம் என்று கேட்டால், "ஸ்டார்ட் ஆகவில்லை, அவ்வளவுதான்" என்பார்கள். சத்தத்தைக் கேட்காமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபம் இல்லை, அதில்தான் விஷயமே இருக்கிறது.

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லையா? பேட்டரி முழுவதும் இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் கழன்றிருக்கும், அல்லது முதன்மை ஃபியூஸ் போயிருக்கும். விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது, ஆனால் 'டக்'கூட இல்லையா? சாவி சுவிட்சிலிருந்து சோலினாய்டுக்குப் போகும் சின்னக் கம்பியைப் பாருங்கள். புதிய வண்டியாக இருந்தால் கிளட்சை முழுவதும் மிதித்தீர்களா என்றும், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். 'டிக் டிக் டிக் டிக்' என்று தந்தி அடிப்பதுபோல வேகமாகக் கேட்டால் பெரும்பாலும் பேட்டரிதான். சோலினாய்டு இழுக்கும், மோட்டாருக்கு மின்சாரம் பாயும், பாய்ந்த வேகத்தில் பேட்டரியின் வோல்டேஜ் விழுந்துவிடும், சோலினாய்டு விட்டுவிடும், விட்டதும் வோல்டேஜ் எழும், மறுபடி இழுக்கும். அந்தத் தந்திச் சத்தம் இதுதான்.

எஞ்சின் சுற்றாமல் செல்ஃப் மட்டும் 'விர்ர்' என்று வெறுமனே சுற்றினால் அதன் பெண்டிக்ஸ் பல் எஞ்சின் சக்கரத்தில் போய் மாட்டவில்லை என்று பொருள். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிட வேண்டும். அது வேறு ஊர், வேறு பாதை. கார்புரேட்டர் வண்டியில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே போதும். பிளக் பெட்ரோலில் நனைந்து வந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம். காய்ந்து வந்தால் பெட்ரோலே வரவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுபோனதும் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும், அதைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். வழக்கத்துக்கு மாறாக எஞ்சின் லேசாக, ஒரே சீராக, தடையே இல்லாமல் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது மேற்கொண்டு முயலாமல் சாவியை எடுத்துவிடுவது நல்லது.

எங்களுடையது ஒற்றை 'டக்'. சோலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை, அல்லது போயும் மோட்டார் திரும்பவில்லை.

இப்போது சாட்சிகளைப் பார்க்கலாம்.

முதல் தீர்ப்பு, பேட்டரி. அப்போது பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன், வீட்டுக்கு வரவே இருட்டிவிடும். ஒரு காலையில் வண்டி 'டக்' என்று நின்றுவிட்டது. எதிர்வீட்டுத் தம்பி பொறியியல் படிக்கிறான். தங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்பர் கேபிள் மாட்டினான். சாவியைத் திருப்பியதும் எங்கள் வண்டி கிளம்பிவிட்டது. கூடியிருந்த அத்தனை பேரும் நீதிபதிகள் ஆகிவிட்டார்கள். இன்னொரு பேட்டரியை இணைத்ததும் ஓடுகிறது, எனவே நம் பேட்டரிதான் போய்விட்டது. இதில் என்ன சந்தேகம்? என் கணவர் பேட்டரிக் கடைக்குப் போனார். கடைக்காரர் மீட்டரை வைத்து 12.1 வோல்ட் என்று காட்டினார். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்றாலே பாதி இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆக, சாட்சி இரண்டு. பழைய பேட்டரியைக் கொடுத்து, அதற்கான தொகையைக் கழித்து, மூவாயிரத்துச் சொச்சத்துக்குப் புதியது வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை: 'டக்'.

இரண்டாம் தீர்ப்பு, செல்ஃப் மோட்டார். மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். அப்பா காலத்திலிருந்து வண்டியைப் பார்ப்பவர், கைராசிக்காரர். ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்து செல்ஃப் மோட்டாரின் உடம்பில் 'ணங் ணங்' என்று தட்டிவிட்டு, "இப்போது அடியுங்கள் சார்" என்றார் என் கணவரிடம். வண்டி கிளம்பிவிட்டது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் தட்டும்போது பிரஷ் நகர்ந்து தொடும், மோட்டார் சுற்றும். இது உலகம் அறிந்த வைத்தியம், அவர் சொன்னதில் தவறே இல்லை. "செல்ஃபைக் கழற்றி பிரஷ் மாற்றிவிடலாம், நாளைக்கு வாருங்கள்" என்றார்.

மூன்றாம் தீர்ப்பு என் மாமியாருடையது. வண்டிக்கு வயதாகிவிட்டது. இதற்கு மட்டும் மறுப்பு சொல்லவில்லை, குடும்ப நிம்மதி கருதி.

விடைத்தாள் முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்துகொண்டு நின்றேன். எனக்கு உறுத்தியது ஒன்றுதான். பேட்டரிதான் காரணம் என்றால், புதிய பேட்டரி வந்தபின் மறுபடி ஏன் 'டக்'? செல்ஃப்தான் காரணம் என்றால், எதிர்வீட்டுத் தம்பி ஜம்பர் மாட்டியபோது யாரும் எதையும் தட்டாமலே அது எப்படி முதல் முயற்சியிலேயே சுற்றியது? இரண்டு வைத்தியமும் வேலை செய்திருக்கிறது. அப்படியானால் இரண்டிலும் பொதுவாக ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும்.

முதலில் ஹெட்லைட். மாலை மங்கிய பிறகு வண்டியைச் சுவருக்கு எதிரில் நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, கணவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்தபடி. இந்த ஒரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. சாவியைத் திருப்பும்போது விளக்கு அடியோடு மங்கி அணையப்போவது போலானால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் பிடிமானம் சரியில்லை. விளக்கு பிரகாசமாகவே இருக்க, செல்ஃப் மட்டும் சுற்றாமல் இருந்தால், மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. சில புதிய வண்டிகள் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் ஹெட்லைட்டைத் தாமாகவே அணைத்துவிடும், அவற்றில் உள்விளக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் சுவரில் விழுந்த வெளிச்சம் லேசாகக் கண் சிமிட்டியது, அவ்வளவுதான். 'டக்' கேட்டது.

சிறிய எஞ்சினைச் சுற்றவும் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு இழுத்திருந்தால் பேட்டரியின் அகமின்தடையில் வோல்டேஜ் விழுந்து விளக்கு நன்றாக மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை என்றால் இழுக்கவில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

அடுத்தது மல்டிமீட்டர். பள்ளி ஆய்வகத்துடையது அல்ல, என் சொந்தக் காசில் வாங்கியது. பெரும்பாலானவர்கள் கம்பியைக் கழற்றி அதன் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து மின்தடையை அளப்பார்கள். மீட்டர் 'பீப்' என்று கத்தும், கம்பி நன்றாக இருக்கிறது என்று மாட்டிவிடுவார்கள். அந்தப் 'பீப்'பை நம்பவே கூடாது. மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில். எத்தனையோ இழைகள் கொண்ட தடித்த கம்பியில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயில் சந்து ஒற்றை ஆள் நடக்கத் தாராளமாகத்தான் இருக்கும், திருவிழா நாளான ஆகஸ்ட் 5 அன்று போய்ப் பாருங்கள்.

எனவே கம்பியைக் கழற்றாமல், கூட்டம் நெரியும்போதே அளக்க வேண்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் நேரத்தில், கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல கம்பியில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தொலையும். கணக்கு பத்தாம் வகுப்பு ஓம் விதிதான். 0.02 ஓம் என்பது சாதாரண மீட்டரால் காட்டவே முடியாத மின்தடை. அதன் வழியே 150 ஆம்பியர் போனால் 3 வோல்ட் போயிற்று. பேட்டரியின் 12 வோல்ட்டில் நாலில் ஒரு பங்கு.

பேட்டரியின் இரு முனைகளில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.7. சாவியைத் திருப்பும்போது 12-க்குச் சற்று மேல். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போகாதவரை பேட்டரியைக் குறைசொல்ல முடியாது என்பது கணக்கு. இங்கே விழவே இல்லை. பேட்டரி நிரபராதி. அடுத்து பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டு வரை அளந்தேன். கால் வோல்ட்கூடத் தொலையவில்லை. பிளஸ் கம்பியும் நிரபராதி.

பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்து, மற்றதை எஞ்சினின் மொட்டை உலோகத்தில் அழுத்திப் பிடித்தேன். இரண்டும் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இருக்கக் கூடாது. "இப்போது திருப்புங்கள்" என்றேன். மீட்டர் எட்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

மாருதியில் பேட்டரியின் மைனஸிலிருந்து கிளம்பும் கம்பி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பக்கத்திலேயே பாடியில் போய்ப் பிடிக்கிறது, மற்றது கீழே இறங்கி கியர்பாக்ஸில் பிடிக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், அந்தக் கீழ்க்கம்பி இல்லையென்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் முறையான மின்தொடர்பே கிடையாது. விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பாடி எர்த்தில் ஓடுகின்றன. அதனால் அவை நன்றாகவே இருந்தன. செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு திருகப்பட்டது. அதன் மின்சாரம் கீழ்க்கம்பி வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்தக் கம்பி செத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் திரும்பி வந்த கொஞ்ச மின்சாரம் எந்த வழியாக வந்தது? இதை யோசித்தபோதுதான் கை வைத்துப் பார்க்கத் தோன்றியது. சாவியை இன்னொரு முறை திருப்பச் சொல்லிவிட்டு கிளட்ச் கேபிளைத் தொட்டேன். நன்றாகச் சுட்டது. கிளட்ச் கேபிளின் ஒரு முனை கியர்பாக்ஸில், மறுமுனை பாடியில். உள்ளே எஃகுக் கம்பி. எர்த் வழி அடைபட்டதும் மின்சாரம் அதை மாற்றுப்பாதையாக எடுத்துக்கொண்டது. சில மாதங்களுக்கு முன் கிளட்ச் மிதிப்பது கடினமாகிவிட்டது என்று அண்ணாச்சி அந்தக் கேபிளையே மாற்றியிருந்தார். பழைய கேபிளின் உள்ளுறை உருகி ஒட்டியிருந்ததாம். "வெயில் டீச்சர்" என்றார் அப்போது. தூத்துக்குடியில் வெயிலைச் சொன்னால் யார் மறுப்பார்கள்?

எல்லாம் வரிசையில் வந்து நின்றது. எதிர்வீட்டுத் தம்பி ஜம்பர் மாட்டும்போது கறுப்புக் கிளிப்பை எங்கள் பேட்டரி மைனஸில் மாட்டவில்லை. முறைப்படி எஞ்சினின் உலோகக் கொக்கியில் மாட்டியிருக்கிறான். கடைசிக் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டச் சொல்வதற்குக் காரணம், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும், பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கலாம் என்பதுதான். ஆனால் எங்கள் வண்டிக்கு அவன் கொடுத்தது பேட்டரி மட்டும் அல்ல. செத்துக்கொண்டிருந்த கம்பியைச் சுற்றிப் போக ஒரு எர்த்தையும் சேர்த்துக் கொடுத்தான். அண்ணாச்சி ஸ்பேனரால் தட்டியதும் அப்படியே. அதிர்ச்சியில் கியர்பாக்ஸ் பக்கத்துக் கம்பி இம்மி நகர்ந்து தொட்டுக்கொண்டது. பேட்டரிக் கடையில் 12.1 காட்டியதும் இதே கதைதான். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரும் எஞ்சினோடு சேர்ந்தது. வண்டி ஓடும்போது பேட்டரிக்கு 14 வோல்ட் அளவில் கிடைக்க வேண்டும். எர்த் வழியிலேயே கொஞ்சம் தொலைந்தால் பேட்டரி என்றைக்கும் அரைவயிற்றோடுதான் இருக்கும். அதாவது, பேட்டரி இறங்கியதால் கோளாறு இல்லை, கோளாறால் பேட்டரி இறங்கியிருக்கிறது. அந்தப் பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜில் போட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடம் உழைத்திருக்கும். கணவரிடம் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல ஆசைதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கொஞ்ச காலமாகவே இரவில் ஹெட்லைட்டைப் போட்டால் எஞ்சின் வெப்பமுள் ஒரு கோடு ஏறும், அணைத்தால் இறங்கும். விளக்குக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் என்ன உறவு என்று சிரித்திருக்கிறோம். வெப்பம் காட்டும் உணரி எஞ்சினில் இருக்கிறது, முள் பாடியில் இருக்கிறது. ஆல்டர்நேட்டரிலிருந்து விளக்குக்குப் போன மின்சாரம் பாடி வழியாக எஞ்சினுக்குத் திரும்பும்போது இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் ஏற்படுகிறது, முள் அதையும் சேர்த்துக் காட்டுகிறது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கருவிகள் சேர்ந்து ஆடினால் எர்த்தைப் பாருங்கள் என்று எந்த மெக்கானிக்கிடமும் தயங்காமல் சொல்வேன்.

உறுதிசெய்ய ஒரே ஒரு சோதனை மிச்சம். எதிர்வீட்டிலிருந்து ஜம்பர் கேபிளை மட்டும் வாங்கிவந்தோம், கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு. ஒரு கிளிப் நம் பேட்டரியின் மைனஸில், அதே கம்பியின் மறு கிளிப் எஞ்சின் கொக்கியில். சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணைத்தோம், கிளிப்பை எடுத்தோம்: 'டக்'. மாட்டினோம்: ஓடியது. "போதும், பெட்ரோல் வீணாகிறது" என்று கணவர் சொல்லும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அண்ணாச்சி வண்டியைத் தூக்கி நிறுத்தி அந்தக் கம்பியைக் கழற்றிக் கொடுத்தார். வெளியே பார்த்தால் குறையே இல்லை. போல்ட் இறுக்கமாக இருந்தது, கம்பி முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கில் லேசான களிம்பு மட்டும். மீட்டரை வைத்தேன், எதிர்பார்த்தபடியே 'பீப்'. லக்கை ஒட்டிய இடத்தில் மட்டும் கறுப்பு உறை சற்றே புடைத்திருந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்ளே செம்பு இல்லை. பச்சையும் கறுப்புமாகத் தூள். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. லக்கின் வாய்க்குள் நசுக்கிப் பிடித்திருந்த இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அரித்து அறுந்து, நாலைந்து மட்டும் முடிபோல மிஞ்சி, அவையும் கறுத்திருந்தன. உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உரித்துக்கொண்டே போனேன். லக்கிலிருந்து ஒரு சாண் தூரம் வரை பச்சை ஏறியிருந்தது. அதற்கு மேல் செம்பு புதுசாகப் பளபளத்தது.

அந்த ஒரு சாண் எப்படி வந்தது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை. தூத்துக்குடியில் பல தெருக்களில் தண்ணீர் வடிய நாள் கணக்காயிற்று. எங்கள் வண்டி டயரின் பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றது. அப்போது அண்ணாச்சி செய்தது பெரிய உதவி. "சாவியைத் தொடவே தொடாதீர்கள்" என்று போனில் சொல்லிவிட்டார். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை அழுத்த முடியாது, செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு வந்து, பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து, எண்ணெயெல்லாம் மாற்றி, பிரேக்கைப் பிரித்துத் துடைத்து, அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். அந்த வாரம் பொறுமையிழந்து சாவியைத் திருப்பியவர்கள் சிலர் எஞ்சினையே இறக்க வேண்டிவந்தது.

ஆனால் கியர்பாக்ஸ் அடியில் இருந்த எர்த் கம்பியை யாரும் நினைக்கவில்லை, நினைத்திருக்கவும் முடியாது. தண்ணீரில் மூழ்கியது லக்கின் வாய் மட்டும்தான். அங்கிருந்து மெல்லிய இழைகளுக்கு நடுவே ஈரம் தானாக மேலேறிவிட்டது. நுண்புழை நுழைவு என்று பதினோராம் வகுப்பில் நடத்துகிறோமே, அதேதான். வெளியே உறை இருப்பதால் ஏறிய ஈரம் காயவும் வழியில்லை. உப்பளத்துக் காற்றும் சேர்ந்துகொள்ள, வெள்ளம் வடிந்து ஒரு வருடத்துக்கு மேல் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டி உங்கள் வீட்டிலும் இருந்தால் இந்த வாரமே எர்த் கம்பியை அளந்து பாருங்கள். அது மாருதியாக இருக்க வேண்டியதில்லை.

புதிய கம்பி சில நூறு ரூபாய்தான். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் தடித்த செம்புக் கம்பியை அளந்து வெட்டி, லக் வைத்து நசுக்கிக் கொடுத்தார்கள். ஈயம் பூசி, லக்கின் வாய் வரை உறை சுருக்கிவிட்டால் ஈரம் ஏறாது என்று கேட்டு வாங்கினேன். கியர்பாக்ஸில் பிடிக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினோம். முதலில் தடவிவிட்டு இறுக்கலாமா என்பதில் எனக்கும் அண்ணாச்சிக்கும் பேதம். உலோகமும் உலோகமும் தொட்ட பிறகுதான் பூச்சு என்பது என் கட்சி. இந்தத் தடவை அவர் விட்டுக்கொடுத்தார். முடித்ததும் மறுபடி அளந்தேன். ஸ்டார்ட் செய்யும்போது மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே 0.2 வோல்ட். ஹெட்லைட்டைப் போட்டேன், வெப்பமுள் அசையவில்லை.

அண்ணாச்சி அந்தக் கீறிப் பிரித்த கம்பியைக் கேட்டு வாங்கி, கடையில் ஒரு ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். போன வாரம் நான் காற்றுப் பிடிக்கப் போனபோது ஒரு பள்ளி வேன் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. ஓட்டுநர், "அண்ணாச்சி, பேட்டரி போய்விட்டது" என்றார். "பேட்டரியாவது ஒன்றாவது, எல்லாம் எர்த்" என்று அண்ணாச்சி ஜம்பர் கேபிளை எடுத்து மைனஸிலிருந்து எஞ்சினுக்கு மாட்டினார். என்னைப் பார்த்து ஒரு புன்னகை வேறு. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார்.

'டிக் டிக் டிக் டிக்.'

மீட்டரை வைத்துப் பார்த்தோம். சாவியைத் திருப்பியதும் 7 வோல்ட்டுக்கு விழுந்தது. பேட்டரிதான் போயிருந்தது.